செம்பு மூடி விழுந்த நேரம்

துயூங்கன் கிராமம்
11 நவம்பர் 1974

அன்புள்ள வர்சித்தி,

இந்தக் கடிதத்தில் இருப்பதை ஜாவாவில் ஒரு ஜீவனும் நம்பப்போவதில்லை என்று, கட்டுப்போட்ட என் வலது காலின் மேல் கை வைத்து முறைப்படி உறுதி கூறுகிறேன். நீயும் நம்பிவிடாதே. இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுச் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

போன வியாழக்கிழமை உன்னைச் சிறைமீட்க நான் தனி ஆளாகப் படையெடுத்து வந்தேன். லவேயன் வீதி நடுங்கியது. சாயத் தொட்டிகளில் நீலம் வெளுத்தது. உன் அப்பாவின் மதில் என்னைக் கண்டதும் பயந்துபோய் இன்னும் பன்னிரண்டு முழம் வளர்ந்தது. விட்டேனா? ஏறினேன். பாதி வழியில் மேகம். உச்சியில் நின்று பார்த்தால் மெராப்பி எரிமலை என் முழங்காலுக்குக் கீழே புகைந்துகொண்டிருந்தது. அங்கேதான் உன் அப்பாவின் காவல் வாத்துகள் என்னைச் சூழ்ந்துகொண்டன. மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றும் எருமைக்கன்று அளவு. பதினெட்டைச் சமாளித்துவிட்டேன்.

கால் இரண்டு இடத்தில் முறிந்தது, சைக்கிள் ஏழு இடத்தில்.

இப்போது மூங்கில் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். என் ராஜ்ஜியத்துக்குக் கிழக்கு எல்லை ஒரு ஜன்னல், மேற்கு எல்லை ஒரு கோழி. நீ அங்கே கல்யாணப் பெண்ணாக நாற்பது நாள் பிங்கித் காவலில், நான் இங்கே. நம் குடும்பத்தில் கைவீசி நடப்பது உன் அத்தை சகியெம் ஒருத்திதான்.

உங்கள் வீட்டில் வேலை பார்த்தவளையே கட்டிக்கொண்டவன் என்று உன் அப்பா என்னை வாசலில் சேர்ப்பதில்லை. அவளையும்தான். ஆனால் அவள் கையால் ஆன லிவெத் சோறு உள்ளே போவதை எந்த மதிலால் தடுக்க முடிந்தது? கோழி வெந்த நீரும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, சலாம் இலை போட்டு அவள் பானையை மூடினால், வாசனை எட்டுக் கிராமம் தாண்டிப்போய்ச் சம்மன் கொடுத்துவிட்டு வரும். அவள் தினமும் காலையில் உங்கள் மதிலோரம் கூடையை இறக்குகிறாள். உன் அம்மா சமையற்கட்டுச் சுவரின் குட்டிக் கதவு வழியாகக் கைநீட்டி வாங்குகிறாள். இனி அந்தக் கை உன் கையாக இருக்கட்டும். தொன்னைக்கு இரண்டு வாழையிலை, நடுவில் என் கடிதம், மேலே ஈர்க்குச்சி. பதிலையும் அப்படியே வை. உன் அத்தைக்கு எழுத்து தெரியாது. தைரியமாக எழுது.

எனக்கும் அதே சோறுதான் இங்கே. சௌசௌ குழம்பு உண்டு, பிய்த்த கோழி உண்டு, முட்டை உண்டு. மேலே போடும் தேங்காய்ப்பாலாடை மட்டும் கிடையாது. தெற்குக் கடல் அரசிக்கு நான் கொடுத்த வாக்கு அப்படி. அது தனிக் கதை, அதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
வாத்துகளை வென்ற மாவீரன்,
உன் மாமா மங்குன்


லவேயன், சோலோ
14 நவம்பர்

மாமா,

மதில் எட்டு முழம். தினமும் கண்ணால் அளக்கிறேன், வளரவில்லை. வாத்து ஒன்றே ஒன்று, அதுவும் முட்டையிடுகிற வாத்து. நீங்கள் சைக்கிளோடு எங்கள் வாசல் சாக்கடையில் இறங்கியதை அம்மா மாடியிலிருந்து பார்த்தாளாம். "உங்க மாமன் பறந்தான்டி, நெசமாத்தான். ஆனா கீழ்ப் பக்கமா" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பினாலா என்று தெரியவில்லை.

எனக்கு இப்போது சிரிப்பதற்கு நேரமில்லை. ஒன்பது நாள் போய்விட்டது, முப்பத்தொன்று இருக்கிறது. டிசம்பர் பதினைந்தாம் தேதி கல்யாணம்.

மாப்பிள்ளை ஹார்ஜோனோ கெட்டவர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. செமாராங்கில் லாரிகள் வைத்திருக்கிறார். இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "எங்க வீட்டுல ஏழு ரூம். ஏழுக்கும் நல்ல பூட்டு. நீங்க எதுக்கும் பயப்பட வேண்டியதே இல்ல. வேலைக்கு கீலைக்குன்னு அலையவும் வேண்டாம்" என்றார். பரிசு கொடுப்பதுபோலத்தான் சொன்னார்.

என் தலையணை உறைக்குள் ஒரு அரசாங்கக் கடிதம் இருக்கிறது. பாச்சித்தானில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை வேலை. ஜனவரி இரண்டாம் தேதி போய் நிற்காவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்த பெயருக்குப் போய்விடும். அப்பாவிடம் காட்டினேன். "கடலோரம் நல்ல காத்து" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். இந்த வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. மஞ்சள் பூசுகிறார்கள், எண்ணெய் தேய்க்கிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள்.

ஒரே ஒரு வழி இருக்கிறது, அது உங்களிடம் இருக்கிறது. நாள் பார்க்கும் கெர்த்தோ தாத்தா எங்கள் பொருத்தம் எப்படிப் பார்த்தார் தெரியுமல்லவா? நான் பிறந்தது திங்கள், ஐந்து நாள் சந்தைச் சுற்றில் போன். மாப்பிள்ளை சனி, பாஹிங். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் உண்டு; எல்லாவற்றையும் கூட்டினால் இருபத்தொன்பது, அமோகம். ஆனால் நான் பிறந்தது அந்தி நேரம். மஃரிப் தொழுகைக்கு முரசு அடித்துவிட்டால் நமக்கு மறுநாள் பிறந்துவிடுகிறது. முரசுக்குப் பிறகு நான் பிறந்திருந்தால் செவ்வாய், வாகே. கூட்டினால் இருபத்தைந்து. இருபத்தைந்து என்றால் பிரிவு. யாரும் பெண் எடுக்கமாட்டார்கள்.

அன்று நேரம் சொன்ன ஒரே சாட்சி நீங்கள். அம்மாவுக்கு நினைவில்லை, மருத்துவச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பா ஊரில் இல்லை. 'முரசுக்கு முன்னால்' என்று நீங்கள் சொன்னதைத்தான் எழுதிவைத்தார்கள். இப்போது 'பின்னால்' என்று சொல்லுங்கள் மாமா. ஒரே ஒரு பொய். உங்களுக்கு அது மூச்சுவிடுவது மாதிரிதானே?

வர்சித்தி


துயூங்கன்
17 நவம்பர்

மருமகளே,

ஒரே ஒரு பொய்யா? என்னை இப்படி அவமானப்படுத்த உனக்கு எப்படி மனம் வந்தது? மன்னர் மாளிகைச் சமையல்காரனிடம் போய் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை கேட்பாயா? ஒரு பெருங்காப்பியமே தருகிறேன். கேள்.

நீ பிறந்த அன்று பிற்பகலில் பூமி ஆடியது. ஆடியது என்றா சொன்னேன்? கூத்தாடியது. பெங்காவான் சோலோ ஆறு எழுந்து நின்று இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்தது. உங்கள் வீட்டுத் தேக்குத் தூண் நான்கும் சாய, நான் ஒருவன் நடுவில் நின்று இரண்டைக் கையாலும் ஒன்றைத் தோளாலும் ஒன்றைப் பல்லாலும் பிடித்துக்கொண்டேன். உன் அம்மாவுக்கு வலி எடுத்தது அந்த ஆட்டத்தில்தான்.

நிலம் ஆடினால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு வீடு தேங்காய் துருவி லிவெத் பானையை ஏற்றினார்கள். மஃரிப் தொழுகை முடிந்ததும் கந்தூரி விருந்து, துஆ ஓதி வேண்டுதல், பூமிக்குச் சமாதானம். அதுவரை அந்தச் சோற்றை ஒருவரும் நாக்கில் வைக்கக்கூடாது. சமைப்பவளே உப்புப் பார்க்கக்கூடாது. உங்கள் வீட்டுப் பானைக்குச் சகியெம் நெருப்புத் தள்ளினாள். அப்போது அவளுக்கு இருபது வயது. என்னைக் காவலுக்கு... இல்லை, நான் தூணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போகட்டும். இத்துடன் தனித்தாளில் என் பிரகடனம். 'முரசு முழங்கி, பள்ளிவாசல் மோதினார் தொழுதெழுந்து, வெள்ளி முளைத்து, வௌவால்கள் வரிசையில் நின்ற பிறகே குழந்தை பிறந்தது என்று மங்குன் ஆகிய நான் ஏழு கடல் சாட்சியாகச் சொல்கிறேன்' என்று எழுதிக் கட்டைவிரலும் பதித்திருக்கிறேன். உன் அப்பாவின் கையில் கிடைக்கும்படி வை. வெற்றி நமதே.

இப்படிக்கு,
நான்கு தூண் தாங்கிய நாயகன்,
மங்குன்


லவேயன்
23 நவம்பர்

மாமா,

வைத்தேன். அப்பா படித்தார். அவர் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. கெர்த்தோ தாத்தாவையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்.

"மங்குன் பின்னாலன்னு எழுதியிருக்கானா? அப்ப சந்தேகமே இல்ல, முன்னாலதான்" என்றார் அப்பா.

தாத்தாவுக்குப் பாவம், கொஞ்சம் பொறுப்பு அதிகம். "எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுப்புடுவோம். சாட்சி சொல்றவன் அப்ப எங்க நின்னான்?" என்று கேட்டார்.

"அதான் எழுதியிருக்கானே, பல்லால தூணப் புடிச்சிக்கிட்டு நின்னானாம்!"

மறுபடியும் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் பிறந்தபோது கிணற்றடியில் நின்றதாகச் சொன்னீர்களாம். எனக்குப் பத்து வயதில் அதே கதையைக் கூரைமேல் நின்றதாகச் சொன்னீர்கள். இப்போது தூண். "இவன் எங்கதான்டி நின்னான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் என் தலைக்கு எண்ணெய் வைத்தபடி இன்னொன்றும் சொன்னாள். நான் வீறிட்ட அதே நொடி அடுப்படியில் செம்பு மூடி விழுந்த சத்தம் கேட்டதாம். 'டமார்' என்று. நிலம் மறுபடி ஆடியதில் விழுந்திருக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் பொய்கள் ஒன்றையொன்று தின்றுவிட்டன மாமா. உங்களுக்கு லாபமில்லாத ஒரு வார்த்தை, நீங்கள் சொல்லவே கூச்சப்படுகிற ஒரு வார்த்தை, ஏதாவது உங்களிடம் மிச்சமிருக்கிறதா? அப்படி ஒன்றைத்தான் இங்கே நம்புவார்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து அளவுக்கு ஒரு சாவிக்கொத்து வந்திருக்கிறது. வெள்ளியில். இடுப்பில் செருகிப் பார்த்தார்கள். சரியாக இருக்கிறது.

வர்சித்தி


துயூங்கன்
27 நவம்பர்

வர்சித்தி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்தேன். ஒன்றைக் கோழி தின்றது. இது பொய்யில்லை, ஆனால் இதையும் நீ நம்பமாட்டாய்.

நான் நின்றது அடுப்படியில்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. எல்லோரும் உன் அம்மா பக்கம் ஓடிவிட்டார்கள். சகியெம் வெந்நீர் சுமந்தாள். 'பானையப் பாத்துக்கங்க, பூனை வந்துடும்' என்று சொல்லிவிட்டுப் போனாள். முரசு அடித்தது. மோதினார் தொழப்போகும் வழியில் எட்டிப் பார்த்து, மூடியைத் திறந்து, பாலாடை நன்றாகத் திரண்டிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போனார். விறகுக் குவியலுக்குப் பின்னால் இருந்த என்னை அவர் கவனிக்கவில்லை. மறுபடி நான் தனியாக இருந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஒரு விரல்தான் வைத்தேன். பிறகு கரண்டி. கடைசியில் மேலே இருந்தது முழுவதும் என் வாயில் இருந்தது. அப்போதுதான் நீ கத்தினாய். என் கையிலிருந்த மூடி கீழே விழுந்தது.

எனவே நீ செவ்வாய்க்கிழமைக்காரி. பொய் சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டாய், பொய் என்றால் அதை இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். நேரம் கேட்டபோது, முரசுக்குப் பின்னால் என்று சொல்லியிருந்தால் 'உனக்கு எப்படித் தெரியும், எங்கே இருந்தாய்' என்பார்கள். 'முன்னால், கிணற்றடியில் நின்று கேட்டேன்' என்றேன்; முரசுக்கு முன்பே நான் பானையை விட்டுப் போய்விட்டதாகச் சகியெமும் நம்பிவிட்டாள். அவ்வளவுதான். எழுதிக்கொண்டார்கள்.

கந்தூரியில் பானையைத் திறந்தால் பாலாடை இல்லை. எச்சில்பட்ட சோற்றை வைத்துத் துஆவா என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். அன்றே இன்னொரு முறை நிலம் ஆடியது. பிறகு கேட்கவேண்டுமா? பானைக்குப் பொறுப்பு யார்? சகியெம். விடிந்ததும் துணிமூட்டையோடு வெளியே நின்றாள். நான் கிணற்றடியில் நின்றேன். இந்த முறை நிஜமாகவே.

ஒரு வருஷம் கழித்து அவளைத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டேன். பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துத்தான் போனேன். போன இடத்தில் அவள் என்னைப் பார்த்து, 'என்ன சின்னையா, சோறு வேணுமா' என்று சிரித்தாள். பரிகாரம் அங்கேயே மறந்துபோயிற்று.

நேற்று அவள் கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏம்மா, அன்னைக்கு அந்தப் பாலாடையத் தின்னது யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

"எதுக்கு இப்ப?"

"சும்மா. பொழுது போகல."

"பொழுது போகலன்னா கோழியோட பேசுங்க."

பேசினேன். கோழியும் பதில் சொல்லவில்லை. அவள் இன்னொரு துண்டைப் பிய்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அடிக்க மாட்டேன். திட்ட மாட்டேன். அந்த வீட்டுச் சோறு நான் எச்சில் பண்ணலன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லி நிரூபிக்க முடியாம, அதே மதிலுக்கு வெளியவே உக்காந்து விக்கிறேன் பாருங்க, அத மட்டும் சொல்லுவேன். சொல்லிட்டு அப்புறம் அந்த ஆள் மூஞ்சியப் பாக்கவே மாட்டேன்."

"பாக்கவே மாட்டியா?"

"எதுக்குப் பாக்கணும்?"

நேற்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்த்ததை எண்ணினேன். பதினான்கு முறை.

வேறு வழி ஏதாவது சொல். வேலைக்காரி வேஷம், பின்கதவு, பானைக்குள் ஒளிந்து வருவது, எதுவாக இருந்தாலும் ஏற்பாடு செய்கிறேன். இதை மட்டும் கேட்காதே.

மாமா


லவேயன்
2 டிசம்பர்

மாமா,

வெறுஞ்சோற்று விரதம் தொடங்கிவிட்டது. உப்பில்லாத சோறும் தண்ணீரும்தான். அத்தையின் சோற்றைக் குட்டிக் கதவில் வாங்கி, முகர்ந்துவிட்டு, அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். பசியில் எழுதுகிறேன், நீளமாக வராது.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினால் என் கதவு திறந்துவிடும். காட்டமாட்டேன். அது அத்தைக்கு முதலில் சொல்லவேண்டிய கடிதம். அவர் அதை இடுப்பில் வைத்து ஐந்து மைல் நடந்து வந்து தன் கையாலேயே என்னிடம் நீட்டினார். "உங்க மாமா இந்த முறை நெறைய எழுதியிருக்காரு போல, கனமா இருக்கு" என்றார்.

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. உங்களைச் சுற்றி இருப்பது செம்பு மூடி, என்னைச் சுற்றி இருப்பது மதில். ஆனால் உங்கள் மூடியை உள்ளே இருந்தே தூக்கலாம் மாமா. என் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

பன்னிரண்டாம் தேதி சீர் கொண்டுவருகிறார்கள். அன்று வீட்டில் கந்தூரி. செமாராங்காரர்கள் துயூங்கன் லிவெத் வேண்டும் என்று கேட்டதால் அப்பா வேறு வழியில்லாமல் அத்தையையே சமைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் இருபத்துமூன்று வருஷம் கழித்து உள்ளே வருகிறார். அதற்குப் பிறகு குட்டிக் கதவைப் பூசிவிடுவார்களாம். இதுதான் கடைசிக் கடிதமாக இருக்கும்.

வர்சித்தி


துயூங்கன்
8 டிசம்பர்

வர்சித்தி,

ஐந்து நாளாக அவளிடம் சொல்ல வாயைத் திறக்கிறேன். திறந்தால் வாத்து வருகிறது, எரிமலை வருகிறது, கடல் அரசி வருகிறாள். அது மட்டும் வரவில்லை.

பன்னிரண்டாம் தேதி அவளுடைய கூடையை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "கட்டுப் போட்ட காலோடவா? மாட்டுவண்டிக்காரன் சிரிப்பான்" என்றாள்.

சிரிக்கட்டும்.

மா.


பாச்சித்தான்
9 ஜனவரி 1975

அன்புள்ள மாமாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் மூன்று ஜன்னல், இரண்டுக்குக் கதவு கிடையாது. காற்று நோட்டுப்புத்தகங்களைப் புரட்டிப் படிக்கிறது. எனக்கு நாற்பத்தொரு பிள்ளைகள். இரண்டாம் தேதி காலையில் வந்து நின்றுவிட்டேன்.

அன்று நான் உள்ளறையில் இருந்தேன். கதவிடுக்கில் பார்த்தது கால்வாசி, காதால் கேட்டது முக்கால்வாசி. நீங்களே பிற்காலத்தில் இதை ஐம்பது விதமாகச் சொல்லப்போகிறீர்கள். அதனால் நடந்ததை ஒரு முறை எழுதிவைக்கிறேன்.

பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. வயதான மோதினாரைத் தூக்கிவந்து உட்காரவைத்திருந்தார்கள். நடுவில் பானை. அத்தை தூணோரம் தரையில் இருந்தார். துஆவுக்குக் கையை ஏந்தும் நேரம், ஊன்றுகோல் சத்தம்.

"ஒரு நிமிஷம். இந்த வீட்டுப் பாலாடைய அன்னைக்குத் தின்னவன் நான்தான்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. நீங்கள் மூச்சுவிடாமல் சொன்னீர்கள். முரசு, மோதினார், கரண்டி, என் அழுகை, மூடி. வாத்து இல்லை, எரிமலை இல்லை. நீங்கள் அவ்வளவு சின்னக் கதை சொல்லி நான் கேட்டதேயில்லை.

சொல்லி முடித்ததும் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆரம்பிச்சிட்டான்யா! கடல் அரசி எங்க மச்சான், அவளக் காணோமே?" செமாராங்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நீங்கள் நின்றுகொண்டேயிருந்தீர்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நிஜம் சொன்னீர்கள், அதற்கு அத்தனை பேரும் சிரித்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அப்போது அத்தை பேசினார். சத்தமே போடவில்லை.

"அவரு சொல்றது நெசம்."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"இப்பத்தான் தெரிஞ்சுது. இந்தச் சோலோ முழுக்க என் பாலாடைக்கு அலையுது. நீங்க, உங்க வாசலுக்கு நான் வரக்கூடாதுன்னவரு, நீங்களே தெனம் ஒரு கரண்டி கூடக் கேட்டு அனுப்புறீங்க. எங்கூட இருபத்திரெண்டு வருஷம் இருக்குற மனுஷன் ஒரு தடவகூட அதத் தொட்டதில்ல. ஒரு விரல் வச்சதில்ல. ஏன்னு கேட்டா கடல் அரசிம்பாரு. நானும் என் கைப்பக்குவம் புடிக்கலையோன்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. மோதினார் கையை உயர்த்தினார். "முரசு அடிச்சப்புறந்தான் நான் மூடியத் தொறந்து பாத்தேன். பாலாடை பௌர்ணமி கணக்கா இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம்" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "மூடி விழுந்தது எம்புள்ள அழுதப்ப" என்றாள். கெர்த்தோ தாத்தா விரல்விட்டு எண்ணினார். அவருக்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா எண்ணி முடித்துவிட்டார். இருபத்தைந்து. அவர் தன் மகனைப் பார்த்தார். மகன் பாய்மேல் வைத்திருந்த சாவிக்கொத்தை எடுத்து மெதுவாக இடுப்பில் செருகிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அப்பா என்னோடு பத்து நாள் பேசவில்லை. இந்த மாதம் முடிந்தால் சூரோ மாதம், கல்யாணப் பேச்சே எடுக்கமுடியாது. அந்த நிம்மதியில் அம்மாதான் பேருந்து ஏற்றிவிட்டாள். பேருந்து கிளம்பும்போது அப்பா எங்கிருந்தோ வந்து ஜன்னல் வழியாகக் குடையை நீட்டினார். "கடலோரம் மழை ஜாஸ்தி" என்றார்.

இனி வருவது அத்தைக்கு. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசியுங்கள் மாமா.

அத்தை, நீங்கள் சுமந்துவந்த கடிதங்களில் ஒன்று உங்களைப் பற்றியது. உங்கள் கையிலிருந்து வாங்கி, உங்களிடம் சொல்லாமல் படித்தேன். பத்து நாள் தெரிந்தே பேசாமல் இருந்தேன். நீங்கள் அதற்காக என் முகத்தையும் பார்க்காமல் இருந்தால் நியாயம்தான். ஆனால் லீவுக்கு வருவேன். சோறு கேட்பேன்.

மாமா, அங்கே என்ன நிலவரம்? எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

வர்சித்தி


துயூங்கன் சிறைச்சாலை
21 ஜனவரி 1975

அருமை மருமகளே, செவ்வாய்க்கிழமையின் செல்வியே,

நிலவரம் கேட்டாயல்லவா? கல் நெஞ்சையும் கரைக்கும் காவியம் இது. கல்லை அருகில் வைத்துக்கொண்டு படி.

அன்று மாட்டுவண்டியில் திரும்பி வரும்போது உன் அத்தை வாய் திறக்கவில்லை. மாடுகள்கூட மரியாதைக்குச் சலங்கையை நிறுத்திவைத்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் தீர்ப்பு.

"நாப்பது நாள். வாசப்படி தாண்டக் கூடாது. வெறுஞ்சோறு, பச்சத் தண்ணி. பொண்ணுங்கள மட்டும் உள்ள வச்சிப் பூட்டுறீங்கல்ல? இருந்து பாருங்க."

"கால் ஒடிஞ்சவன் வேற எங்கம்மா போகப்போறேன்?"

"அப்ப கஷ்டமே இல்ல."

இப்படியாக, ஜாவாவின் வரலாற்றிலேயே பிங்கித் காவலில் வைக்கப்பட்ட முதல் ஆண்மகன் ஆனேன். முதல் வாரத்தில் மூங்கில் சுவர்கள் உள்நோக்கி நடந்து வரத் தொடங்கின. ஒரு சுவர் என் நெஞ்சின்மேலேயே ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டது. இரண்டாம் வாரத்தில் உப்பில்லாமல் என் நிழல் என்னைவிட்டு ஓடிப்போய் பக்கத்து வீட்டில் குடியேறியது. மூன்றாம் வாரத்தில் கோழி பேச ஆரம்பித்தது. 'உன்ன மாதிரி ஒரு முட்டாள முட்டையில இருந்தே பாத்ததில்ல' என்றது. ஊர்ப் பெண்கள் தினமும் ஜன்னலில் வந்து, "மாப்ள எங்கேயிருந்து வராரு? மஞ்சள் பூசியாச்சா?" என்று விசாரித்தார்கள். பூசியிருந்தது. உன் அத்தைதான் பூசினாள், காலுக்கு மருந்து என்று. ஆனால் காலைப் பார்த்தே பூசினாள்.

உன் கடிதத்தை வாசித்தேன். சத்தியமாக ஒரு சொல் கூட்டவில்லை. அவள் கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள். "வரட்டும். அவளுக்கு முட்டை ரெண்டு" என்றாள். உனக்கு மன்னிப்பு அவ்வளவு சீக்கிரம். எனக்கு முப்பத்தொன்பது நாள் அவள் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகுச் சட்டையில் எத்தனை நூல் ஓடுகிறது என்று நான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன்.

இன்று நாற்பதாவது நாள். விடிந்ததும் வானம் இரண்டாகப் பிளந்தது. தெற்குக் கடல் அரசி பச்சைப் பட்டு உடுத்தி, பதினாறு குதிரை பூட்டிய தேரில் எங்கள் வாசலில் வந்து இறங்கி, 'மங்குன், உன் வாக்கிலிருந்து உன்னை விடுவிக்கிறேன்' என்று அறிவித்தாள். மெராப்பி கைதட்டியது. உன் அப்பாவின் பத்தொன்பது வாத்துகளும் வரிசையில் நின்று மரியாதை செலுத்தின. கோழி மட்டும் நம்பவில்லை.

நீயும் நம்பாதே. தேர் பொய், குதிரை பொய், அரசி வரவேயில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜமாக நடந்தது, சொல்லிவிடுகிறேன். இன்று காலை உன் அத்தை என் முன்னால் ஒரு தொன்னையை வைத்தாள். லிவெத் சோறு, மேலே ஒரு கரண்டி பாலாடை. "துஆ ஓதிட்டுத் தின்னுங்க" என்றாள். ஓதினேன். வாயில் வைத்தேன். உப்புச் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

மங்குன்